ஃப்ரிட்ஜ் எண் நாற்பத்தெட்டு

ருமேனியாவில் ஸ்கோருஷெனி கிராமத்து மழலையர் பள்ளியில் பிள்ளைகள் நாலு பேர், அரசாங்கம் அனுப்பும் மதியச் சாப்பாடும் நாலு தட்டு. அப்புறமென்ன குறை என்று கேட்பீர்கள். பதிவேட்டில் இருந்தது மூன்று பெயர்தான். நாலாவது தட்டு ஃப்ரிட்ஜுக்கு! மாதிரிக்கென்று ஒரு தட்டை இரண்டு நாள் உள்ளே வைத்திருக்க வேண்டும். யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் அதை எடுத்துச் சோதிப்பார்களாம். ஒருத்தருக்கும் கலக்கியதில்லை. மூன்றாம் நாள் அதைக் குழியில் கொட்டிவிட வேண்டும்.

நாலாவது பிள்ளை ஸ்மராந்தாவுக்கு நாலு வயது. ஸ்பெயினில் பிறந்தவள். அம்மா இன்னும் அங்கேதான் ஸ்ட்ராபெர்ரி பறிக்கிறாள். பிறப்புச் சான்றிதழும் அங்கேயே எங்கோ கிடக்கிறது. ருமேனியாவைப் பொறுத்தவரை அவள் இன்னும் பிறக்கவில்லை. அவளைக் குடிகாரச் சித்தப்பன் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அவனை யார் பொறுப்பில் விடுவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அபூர்வம். சமையல்காரி பரஸ்கீவா மற்ற மூன்று தட்டிலிருந்தும் இரண்டிரண்டு கரண்டி எடுத்து அவளுக்குக் கொடுத்துப் பார்த்தாள். யாருக்கும் வயிறு நிறையவில்லை.

மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"புள்ளைக்குப் பதிவு நம்பர் இருக்காக்கா?" என்றாள் அங்கிருந்தவள்.

"நம்பர் இல்ல தாயி, பசி இருக்கு."

"நம்பர் இல்லாம எப்படிச் சாப்பாடு ஒதுக்குறது?"

"ஃப்ரிட்ஜுக்கு ஒதுக்குறீங்களே!"

"அதுக்கு நம்பர் இருக்கே. நாற்பத்தேழு."

உண்மைதான். வருடா வருடம் ஆள் வந்து பள்ளியில் இருக்கும் நாற்காலி, வாளி, துடைப்பக்கட்டை என்று ஒன்று விடாமல் சிவப்பு எண் போட்டுவிட்டுப் போவது வழக்கம். பரஸ்கீவா போனை வைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். பிறகு சிவப்பு நூலெடுத்து ஸ்மராந்தாவின் கோட்டு முதுகில் 48 என்று தைத்தாள். 'ஃப்ரிட்ஜ், சிறியது, ஒன்று. நன்றாக வேலை செய்கிறது' என்று படிவம் எழுதி அனுப்பினாள். அடுத்த திங்கட்கிழமை ஐந்து தட்டுக்குச் சாமான் வந்து இறங்கியது! பரஸ்கீவாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிள்ளைக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. டிசம்பரில் காய்ச்சலும் பிடித்தது. மருத்துவமனைக்குப் போன் போட்டால், நம்பர் இல்லாமல் கம்ப்யூட்டர் திறக்காது என்றார்கள். மூன்றாம் நாளும் அவள் அடுப்போரம் சுருண்டு கிடக்க, பொருள் சரிபார்க்கும் துதோசே பட்டியலும் தெர்மாமீட்டருமாக உள்ளே நுழைந்தார். பட்டியலில் இருந்தால் உலகத்தில் இருக்கிறது என்று நம்புகிற மனிதர். பட்டியலில் அப்படி இருந்ததால், பக்கத்து ஊரில் ஒரு கோழிக்கூண்டை நூலகம் என்று குறித்துக்கொண்டு வந்திருந்தார்.

"நாற்பத்தேழு, நாலு டிகிரி. சரி. நாற்பத்தெட்டு எங்கே?"

பரஸ்கீவா அடுப்போரம் கையைக் காட்டினாள். துதோசே பட்டியலைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார்.

"இது ஃப்ரிட்ஜா?"

"சின்னது சார்."

"கதவு?"

"வாய்தான் சார்."

அவர் பெருமூச்சு விட்டு, தெர்மாமீட்டரைப் பிள்ளையின் அக்குளில் வைத்தார். எடுத்துப் பார்த்தவர் முகம் மாறியது.

"முப்பத்தொன்பதரை! என்னக்கா இது, இப்படிக் கொதிக்குது?"

"மூணு நாளா சார். நம்பர் இல்லன்னு டாக்டர் பார்க்க மாட்டேங்கறாரு."

"எவன் சொன்னான் நம்பர் இல்லன்னு?" துதோசேவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஃப்ரிட்ஜ் சூடானா உள்ள இருக்கிற மாதிரிச் சாப்பாடு கெட்டுப்போகும். ஒரு மணி நேரத்துல ரிப்பேர் வண்டி வந்தாகணும். சட்டம்!" என்று போனை எடுத்தார்.

நாற்பதே நிமிடத்தில் வந்தது. ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்து ஏற்றக்கூடாதாம். இரண்டு தடியன்கள் அவளைக் கம்பளியில் சுற்றி, "சாய்க்காதே, சாய்க்காதே" என்று கத்திக்கொண்டே நிமிர்த்திப் பிடித்து ஏற்றினார்கள். சாமான் வண்டியில் ஆள் ஏறக்கூடாது என்று பரஸ்கீவாவைத் தடுத்துவிட்டார்கள். துதோசே மட்டும், பொருளுக்குப் பொறுப்பாளர் என்று பின்னால் ஏறிப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னபடி வண்டி நேராக நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே ஒரு நர்ஸ், ஃப்ரிட்ஜ் ஒன்று பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டாள்.

பரஸ்கீவா ஐந்து நாள் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாள். ஆறாம் நாள் அதே வண்டியில், நிமிர்ந்தபடி, ஸ்மராந்தா வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். கையில் முத்திரை குத்திய காகிதம்.

'நுரையீரல் பழுது நீக்கப்பட்டது. வெப்பநிலை முப்பத்தாறரை. உத்தரவாதம் இரண்டு ஆண்டு. இடையில் சூடானால் இலவசமாகப் பார்த்துத் தரப்படும்.'

பரஸ்கீவா படித்துவிட்டு ஓவென்று அழுதாள்.

"அத்தை, பசிக்குது," என்றாள் ஸ்மராந்தா.

சாயங்காலத்துக்குள் அந்தக் காகிதம் ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது. மறுநாள் காலை மற்ற மூன்று பிள்ளைகளின் தாய்மாரும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றார்கள்.

"அக்கா," என்றாள் ஒருத்தி, "எங்க புள்ளைங்க பேரை அடிச்சிடு. இதுங்களையும் ஃப்ரிட்ஜுன்னே எழுதிடு."