கொத்துரொட்டிக்கு எந்த வாழ்த்து?

"கொத்து வேண்டாம், சோறு சமையுங்கோ எண்டு தலைப்பாடாய் அடிச்சனான். சோத்திலை ஒரு வில்லங்கமும் வராது," என்று யோகம் விடிந்ததிலிருந்து புறுபுறுத்தாள். பரராசசிங்கம் கேட்டால்தானே!

பீலெஃபெல்ட் நகரில் யூத முதியோர் இல்லமொன்றில் பாத்திரம் கழுவுகிறவர் அவர். சமையற்காரி ஓய்வு பெற்றுப் போய்விட்டாள். இன்றைய மதியச் சாப்பாடு பிடித்துக்கொண்டால் அந்த இடம் அவருக்கு. இல்லாவிட்டால் திரும்பவும் சட்டி பானைதான். மனிதர் அந்த வேலைக்கு உயிரை விட்டுக்கொண்டிருந்தார். ஒத்தாசைக்கு மனைவி யோகத்தையும் கூட்டிவந்திருந்தார்.

அங்கத்தைய சமையற் சட்டங்கள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடுப்பை யூதரான மேற்பார்வைக் கிழவர் பீலிக்ஸ்தான் பற்றவைக்க வேண்டும். முட்டையை உடைத்து இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் பார்த்தாயிற்று. ரொட்டி, லீக்ஸ், கரட், முட்டை போட்டு, தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றி, மூடிக் கொதிக்கவிட்டு இறக்கினார். உலகக்கிண்ணக் கொடி இன்னும் இறக்காத எதிர்வீட்டுப் பால்கனி வரைக்கும் வாசம் போனது.

இல்லத்து மதகுருவான ரபி கரண்டியை எடுத்தார். பிறகு வைத்துவிட்டார்.

"இதற்கு எந்த வாழ்த்தைச் சொல்வது?"

அவர்களுக்குச் சாப்பிடுமுன் சுட்ட பாணுக்கு ஒரு வாழ்த்து, மாப்பண்டத்துக்கு ஒன்று, மரக்கறிக்கு இன்னொன்று. எல்லாம் கலந்து கிடந்தால் எது தலைமையோ அதற்குச் சொன்னால் போதும். மற்றதெல்லாம் அதன் தயவில் போய்விடும். கொத்துரொட்டியில் எது தலைமை?

"மரக்கறிதானே கூட," என்றார் பீலிக்ஸ்.

"கூடினாலென்ன, குறைந்தாலென்ன? ருசிக்கென்று கோதுமை சேர்ந்தால் அதுதான் தலைமை," என்றார் ரபி. "ஆனால் இது பாணா, மாப்பண்டமா?"

கொத்து ஆறிக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, பிடிக்கேல்லையோ?" என்று யோகம் குசுகுசுத்தாள்.

"சும்மா இரும்!" என்றார் பரராசசிங்கம். ஆறின கொத்தை மனுசன் தின்னுவானா!

ரபி விளக்கினார். துண்டு ஒலிவ் காயளவு இருந்தால் கொதித்தாலும் பாண் பாண்தான். கை கழுவி, பாண் வாழ்த்துச் சொல்லி, சாப்பிட்டபின் நீண்ட நன்றியும் சொல்ல வேண்டும். அதைவிடச் சிறிதாக வெட்டி அவித்திருந்தால் மாப்பண்டம்.

பீலிக்ஸ் ஓடிப்போய் ஒரு ஒலிவ் காயை முள்ளுக்கரண்டியில் குத்திக்கொண்டு வந்தார். தட்டில் ஒரு துண்டு அதைவிடப் பெரிது. பக்கத்துத் துண்டு சிறிது. அடுத்தது, சீ, ரொட்டியில் கால்வாசி!

பரராசசிங்கத்துக்கு மானம் போனது. கிழடுகட்டைகளின் நித்திரை கலையக்கூடாதென்று சத்தமில்லாமல் கத்தியால் அரிந்திருந்தார். சத்தமில்லாத கொத்தும் ஒரு கொத்தா?

தட்டுகளைப் பிடுங்காத குறையாகத் திருப்பி எடுத்தார். கொத்துத் தகடுகள் இரண்டையும் கையிலெடுத்து, எல்லாவற்றையும் ரொட்டிக் கல்லில் போட்டுக் கொத்தினார். டக்கு டக்கு டக்கு! நித்திரை கலைந்த முதியவர்கள் பொல்லூன்றி வாசலில் கூடினார்கள். ஒரு மூதாட்டி கரண்டியால் கதவில் தாளம் போடவும் தொடங்கிவிட்டாள். அவர் மீண்டும் குழம்பூற்றிக் கொதிக்கவைத்தார். பீலிக்ஸ் ஒலிவ் காயோடு வந்து பார்த்தார். எந்தத் துண்டும் கிட்ட நிற்கவில்லை. தோற்ற ஒலிவ் காயை அவரே வாயில் போட்டுக்கொண்டார்.

மாப்பண்ட வாழ்த்து முழங்கியது. ரபி இரண்டாந்தரமும் தட்டை நீட்டினார்.

"இனி நீங்கள்தான் எங்கள் சமையற்காரர். நாளைக்கு என்ன சமையல்?"

பரராசசிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வந்த சந்தோசத்தில் மனைவிக்கும் ஒரு மரியாதை செய்ய நினைத்தார்.

"சோறும் பருப்பும்."

ரபியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. பீலிக்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

"சோறா?" என்றார் ரபி, முகமெல்லாம் மலர. "அதில்தானே எங்களுக்குப் பெரிய சண்டையே!"

பரராசசிங்கம் யோகத்தைப் பார்த்தார். யோகம் விறுவிறென்று பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.