எல்லாருக்கும் ஒரே லிங்க்

மருத்துவமனையில் பிரிண்டருக்குள் சிக்கிக்கொண்ட காகிதத்தை ஒருமுறை இழுத்து எடுத்துவிட்டாள். அவள் செய்த தப்பு அதுதான். அன்றிலிருந்து மின்சாரத்தில் ஓடுகிற எது மக்கர் செய்தாலும் அவள் தலையில்தான் வந்து விடிந்தது. அவளுடைய வேலை என்னவோ பேச்சுப் பயிற்சி. பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, நாக்கு குழறிப்போனவர்களை எதிரில் உட்காரவைத்து, உதட்டை மூடவும் திறக்கவும் சொல்லிக்கொடுத்து, ஒவ்வொரு எழுத்தாக மீட்டுக்கொண்டு வருவது. நோயாளிகள் அவளை டீச்சர் என்பார்கள். மாடியில் இருந்த அந்தச் சின்ன மருத்துவமனைக்கு லிப்ட் கிடையாது. யாருக்குப் பயிற்சி ரொம்பத் தேவையோ அவர்களால்தான் படியேற முடியாது.

ஆகவே டாக்டர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, படியேற முடியாதவங்களுக்கு வீடியோல பயிற்சி கொடுக்கிறோமே, அதுக்கு ஏதாவது ஒண்ணு ஒழுங்கா பாத்து வைச்சிரு. இப்படி உன் சொந்த நம்பர்ல பண்ணிக்கிட்டிருந்தா எப்படி?"

அவர் சொன்னது நியாயம்தான். அவள் சொந்த நம்பர் ஊருக்கே தெரிந்துபோயிருந்தது. சோற்றில் கை வைக்கும்போது ஒருவர் கூப்பிட்டு 'ப' வரவில்லை என்பார். குளித்துவிட்டு வந்தால் இன்னொருவருடைய மருமகள், மாமனார் இன்று மூச்சுப் பயிற்சி செய்ய மாட்டேன் என்கிறார் என்று புகார் சொல்லுவாள். "எதை வைக்கலாம் டாக்டர்?" என்று கேட்டாள். "உனக்குத் தெரியாததா? நீயே பாத்து சொல்லு" என்று அவர் அடுத்த நோயாளியின் எக்ஸ்ரேவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டார்.

நீயே பாத்து சொல்லு. இதே வாசகம் வீட்டிலும் அவளுக்காகக் காத்திருந்தது. அப்பா போன பிறகு அம்மா, அக்கா வீட்டோடு போய்விட்டாள். தம்பி வேறொரு நாட்டில். மூன்று பேரும் அம்மாவும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பேச வேண்டும் என்று தம்பிதான் ஆரம்பித்தான். ஆனால் எதில் பேசுவது? தம்பி சொன்னது அக்காவின் போனில் இறங்காது. அதில் பேரப்பிள்ளைகளின் படங்கள் நெல் மூட்டை மாதிரி அடைந்துகிடந்தன. அக்கா சொன்னது தம்பி இருக்கும் நாட்டில் ஓடாது. அம்மாவுக்கோ, தன் போனில் வீடியோ பேசப் பழகியிருந்த பச்சைப் பொத்தானைத் தவிர மற்றதெல்லாம் காசு பிடுங்குகிற சமாச்சாரம் என்று எண்ணம். கடைசியில் அக்கா, "அவதானே இதெல்லாம் படிச்சவ, அவளே பாத்து சொல்லட்டும்" என்று முடித்துவிட்டாள். அவள் படித்தது நாக்கைப் பற்றி. அதை யாரிடம் சொல்ல!

ஒரு வாரம் இதற்கே போயிற்று. முதலில் பார்த்தது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இலவசமாகத் தரும் நேரம் முடிந்ததும், நோயாளி பாதி வார்த்தையில் இருக்கும்போதே கதவைச் சாத்திவிட்டது. அடுத்தது, உள்ளே வருவதற்கே கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் வை, அதில் ஒரு பெரிய எழுத்தும் ஒரு குறியும் இருக்கட்டும் என்று கேட்டது. வலது கை விளங்காத மனிதர் எந்தக் குறியைத் தட்டுவார்? அதையும் ஒதுக்கினாள். மூன்றாவதாக ஒன்று அகப்பட்டது. லிங்கைத் தொட்டால் போதும். தொட்டவர் ஒரு காத்திருப்பு அறையில் நிற்பார். அவள் இந்தப் பக்கத்திலிருந்து அனுமதி கொடுத்தால் உள்ளே வருவார். இது தவிர அதில் இன்னொரு வசதியும் இருந்தது. அவள் அதைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான் என்று சொல்லலாம்.

அவளுடைய நோயாளிகளில் ஒருவர் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் போட்டவர். தலைமுறையாக அந்தத் தொழில் என்றெல்லாம் இல்லை. வாய் வளம் இருந்தது, போய் நின்றார், பிடித்துக்கொண்டார்கள். மார்க்கெட்டின் கோடியில் மூட்டை இறக்குகிறவனுக்குக்கூடக் கேட்கும் குரல். இப்போது அந்த வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. 'ஒரு தரம்' வரும். 'ரெண்டு தரம்' தட்டுத்தடுமாறி வரும். 'மூணு தரம்' மட்டும் 'ஊணு தரம்' ஆகிவிடும். 'மூ' சொல்ல இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டே குவிய வேண்டும், அவருக்கு அது முடியவில்லை.

அவர் மனைவி ஆரம்பத்திலேயே தனியாகப் போன் பண்ணிக் கெஞ்சியிருந்தாள். "டீச்சர், வீடியோல அவர் மூஞ்சி அவருக்கே தெரியுமாமே? தெரியாம வைக்க முடியுமா? சவரம்கூட பக்கத்துக் கடைத் தம்பி வந்துதான் பண்ணுது. அவருக்கு இன்னும் தெரியாது, இவ்ளோ கோணியிருக்குனு. தெரிஞ்சா தாங்க மாட்டார்."

தன் முகம் தனக்குத் தெரியாமல் மறைக்கிற வசதி இந்த மூன்றாவதில் இருந்தது. மனைவிக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்து அதை மறைத்தும் கொடுத்தாள். அதன் பிறகு, வேறு எதையும் தேடித் திரியத் தெம்பில்லாமல், வீட்டுக்கும் அதையே வைத்துவிட்டாள். தன்னுடைய அந்த ஒரே லிங்கை அக்காவுக்கும் தம்பிக்கும் அம்மாவுக்கும் அனுப்பினாள். "எல்லாருக்கும் ஒரே லிங்க். அம்மா, இத தொட்டா போதும். வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

அம்மா, சொன்ன சொல் தவறாமல், அதைத் தொட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டுமல்ல, நினைத்தபோதெல்லாம் தொட்டாள். தொட்டுவிட்டு, 'சற்றுக் காத்திருக்கவும்' என்று எழுதியிருந்த திரைக்கு முன்னால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் அக்கா போன் பண்ணி வாங்குவாங்கென்று வாங்கினாள்.

"ஏன்டி, பெத்தவள வெளில உக்கார வைச்சு வேடிக்கை பாக்கறியா? காலைல இருந்து அந்தத் திரையவே பாத்துக்கிட்டிருக்காங்க. டீ ஆறிப்போச்சு."

"நான் வேலைல இருக்கேன்க்கா. அவங்க வந்ததே எனக்குத் தெரியாது."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "அவள ஏன் திட்டற? ஆஸ்பத்திரில டோக்கன் போட்டு உக்காந்திருக்கற மாதிரிதானே. எனக்கென்ன வேலை இருக்கு?"

அம்மா கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. வேறு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நினைத்தாள். நினைப்பதோடு நின்றுவிட்டது.

அடுத்த வாரம் ஏலக்காரருடைய பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவர் அவளுக்கு எத்தனையாவது ஆளோ. தலை பாரமாக இருந்தது. "ரொம்ப நல்லா இருக்கு ஐயா. போன தடவைக்கு எவ்வளவோ தேவலை. இன்னொருக்கா சொல்லுங்க" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது யாரோ உள்ளே வர அனுமதி கேட்பதாகத் திரையில் எழுத்து வந்தது. ஏலக்காரருடைய மகள் தான் வேலை செய்கிற இடத்திலிருந்து சிலநாள் எட்டிப்பார்ப்பதுண்டு. அவள்தான் என்று நினைத்து அனுமதி கொடுத்தாள்.

திரையில் வந்தது அம்மாவின் நெற்றி. பிறகு கண்ணாடி. பிறகு முழு முகம்.

"பாப்பா, அந்த வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா? அக்கா வெளில போயிருக்கா..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "யாரு இவரு? ஐயோ பாவமே! வாய் ஏன் இப்படிக் காது வரைக்கும் கோணிக்கிட்டு நிக்குது?"

"அம்மா, வை! போனை வைம்மா!"

அம்மாவை வெளியேற்றுகிற பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தி, நிமிர்ந்து பார்த்தால், ஏலக்காரரின் படமும் காணவில்லை. அவர் போய்விட்டிருந்தார்.

அதன் பிறகு அவர் வரவே இல்லை. மனைவி போனை எடுத்து, "அவர் கேமரா முன்னாடி உக்கார மாட்டேங்கறார் டீச்சர்" என்பதோடு சரி. டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "வேலைக்கும் வீட்டுக்கும் ஒண்ணையேவா வைச்ச?" என்றார். திட்டக்கூட இல்லை. அம்மாவும் அவளைத் திட்டவில்லை. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று நடுங்கிப்போய், லிங்கைத் தொடுவதையே விட்டுவிட்டாள். அக்கா மூலமாக மட்டும், "அவர் எப்படி இருக்கார்னு கேளு" என்று சொல்லியனுப்பினாள். எல்லாரும் இப்படி நல்லவர்களாக இருந்தது அவளை இன்னும் களைக்க வைத்தது.

விடுமுறை நாளன்று, இரண்டு பஸ் மாறி, ஏலக்காரர் வீட்டுக்குப் போனாள். போகவேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. படுத்துக்கிடக்கலாம் என்றுதான் உடம்பு சொன்னது. மார்க்கெட்டுக்குப் பின்பக்கத் தெருவில், கீழே வெங்காயக் கிடங்கும் மேலே வீடுமாக இருந்தது. படியெல்லாம் வெங்காயச் சருகு. மனைவி கதவைத் திறந்ததுமே கிசுகிசுத்தாள்.

"அன்னிக்கு வீடியோ ஆஃப் பண்ணிட்டு நேரா பீரோகிட்ட போனார். கண்ணாடி மேல நான் ஒரு காலண்டரை மாட்டி வைச்சிருந்தேன். அதக் கிழிச்சுப் போட்டுட்டு, அப்படியே நின்னார். பொழுது சாயற வரைக்கும் நின்னார்."

ஏலக்காரர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். அவள் அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"ஐயா, மன்னிச்சிருங்க. எங்க அம்மா தெரியாம உள்ள வந்துட்டாங்க. தப்பு என் பேர்ல. நீங்க மனசுல வைச்சுக்காதீங்க."

அவர் இடது கையை அசைத்து அவளை நிறுத்தினார். வார்த்தையைத் தேடினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"உங்க... அ...ம்மா... நெசம்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, விரலை அவள் பக்கம் நீட்டினார். "நீங்க... பொய்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. மனைவி, "என்னங்க இப்படிச் சொல்றீங்க டீச்சரை?" என்று பதறினாள். அவர் அவளையும் சேர்த்து விரலால் காட்டினார். "நீயும்."

பிறகு அவளுக்குப் புரிந்தது. ரொம்ப நல்லா இருக்கு ஐயா. போன தடவைக்கு எவ்வளவோ தேவலை. எத்தனை பேரிடம், எத்தனை முறை, தலைவலியோடும் தூக்கத்தோடும் அதைச் சொல்லியிருப்பாள்! மார்க்கெட்டில் அழுகல் தக்காளியை அடியில் வைத்து மேலே நல்லதைப் பரப்பிக் கொண்டுவருகிற ஆட்களைத் தினமும் பார்த்த மனிதர் அவர். அவரிடம் போய் அவள் அந்த வேலையைச் செய்திருக்கிறாள். அவருக்குக் கோபம் அம்மா மேல் இல்லை. அம்மா ஒருத்திதான் அவருக்கு உள்ளதைச் சொன்னவள்.

"சரி ஐயா" என்றாள். பிறகு மனைவியைப் பார்த்து, "இங்க கைல பிடிக்கற கண்ணாடி ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

மனைவி தயங்கித் தயங்கி ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்துவந்தாள். ஏலக்காரர் அதை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. சரக்கைப் பார்ப்பதுபோலத் தன் வாயைப் பார்த்தார். 'மூணு' என்று முயன்றார். 'ஊணு' என்றுதான் வந்தது. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவளைக் கேட்பதுபோலப் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

அவள் வாயில் பழைய வாசகம் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டாள். "இல்ல ஐயா. இன்னும் வரல" என்றாள். "மேல் உதடு அசையவே இல்ல. பாருங்க, இந்த இடம். விரலால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சொல்லுங்க."

அவர் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்போதும் வரவில்லை. மறுபடி சொன்னார். அவள் கிளம்பும்வரை அது வரவில்லை. ஆனால் போகும்போது, வீடியோ பயிற்சிக்கு வைத்திருந்த டேப்லெட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதில் தன் முகம் தெரிகிறபடி மாற்றித் தரச் சொல்லி ஜாடை காட்டினார். தன் போனிலிருந்தும் அதில் நுழைந்து, மாற்றிக் கொடுத்தாள். பெரிதாக வேண்டும் என்றார். பெரிதாக்கினாள். அவள் முகம் மூலையில் ஒரு தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டது. "அது போதும்" என்பதுபோல அவர் தலையாட்டினார். மனைவி சமையற்கட்டு வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் அதே சேவையே இருக்கட்டும் என்று சொன்னாள். அவர் "நான்தான் சொன்னேனே, நீ பாத்து சொன்னா சரியா இருக்கும்னு" என்றார். அவர் எப்போது அப்படிச் சொன்னார் என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை. வீட்டுக்கு மட்டும் வேறு வைத்துக்கொண்டாள். வேறென்ன, அம்மாவுக்குத் தெரிந்த பழைய பச்சைப் பொத்தான்தான். நோயாளிகளுக்குத் தெரியாமல் புது நம்பர் ஒன்று வாங்கினாள். தம்பி இருக்கும் நாட்டில் அதில் குரல் மட்டும்தான் போகும், படம் போகாது. "என்ன சின்னக்கா, ஊர்ல இருக்கறதெல்லாம் பாத்துட்டுக் கடைசில இதுக்கா வந்த?" என்று சலித்துக்கொண்டான்.

"ஆமாடா. இதான் கிடைச்சுது. வேணும்னா நீ பாத்து சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் வந்தார்கள். அக்காவின் போனில் பாதி நேரம் மின்விசிறிதான் தெரிந்தது. தம்பி படமில்லாமல் குரலாக இருந்தான். அம்மா ஏலக்காரரைப் பற்றித்தான் முதலில் கேட்டாள்.

"நல்லா இருக்கார்ம்மா. உன்னை ஒண்ணும் தப்பா நினைக்கல."

"நெசமாவா? எனக்காகச் சொல்றியா?"

"நெசமாத்தான். நீ சொன்னதுதான் சரினு சொன்னார்."

அம்மா நம்பினாளா என்று தெரியவில்லை. "என்னவோ போ" என்று பேச்சை மாற்றினாள். அக்கா, தண்ணீர்த் தொட்டி கசிவதையும் அதைச் சரிசெய்ய வருகிறேன் வருகிறேன் என்று வராமல் டிமிக்கி கொடுக்கிற ஆளைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தாள். தம்பி அவனுடைய குளிரைப் பற்றிச் சொன்னான். அவள் போனைத் தலையணையில் சாய்த்துவைத்துவிட்டு, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் எதையும் திருத்த வேண்டியதில்லை. யாருடைய உதட்டையும் பார்க்க வேண்டியதில்லை. கண் எப்போது மூடிற்று என்று அவளுக்கே தெரியாது.

விழித்தபோது அறையில் வெயில் இடம் மாறியிருந்தது. அக்காவும் தம்பியும் போய்விட்டிருந்தார்கள். போனில் அம்மா மட்டும் இருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டும் இல்லை. துவைத்த துணிகளை மடியில் போட்டு ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வைக்கலையா?"

"நீ தூங்கிட்டிருந்தே. வைக்கும்போது இந்தப் போன் டொய்ங்னு ஒரு சத்தம் போடுதே, முழிச்சுக்குவியேனு விட்டுட்டேன்" என்றாள் அம்மா. ஒரு போர்வையை உதறி, நுனியோடு நுனி சேர்த்தாள். "எழுந்திருச்சு என்ன பண்ணப் போறே? படு இன்னும் கொஞ்சம்."

அவள் படுத்துக்கொண்டாள்.