பயந்தாங்கொள்ளி ரஹமீம்

தீர்சா ஈரப் பஞ்சை அப்பாவின் உதட்டில் ஒற்றியபோது, அவர் அதைப் பல்லால் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றார்.

“விடுங்கப்பா. தண்ணி இறங்காதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?”

“தண்ணி யாருக்கு வேணும்? மாதுளம்பழம் கொண்டா.”

அன்று சூரியன் மறைந்ததும் யூதப் புத்தாண்டு பிறக்கும். அந்த வருடம் அதுவரை தின்னாத புதுப் பழத்தை இரவுப் பந்தியில்தான் துதி சொல்லித் தின்பார்கள். தம்பி நிசிம் அதைச் சொல்லிப் பார்த்தான்.

“ராத்திரிக்கு நான் எங்கேடா இருப்பேன்?” என்றார் ரஹமீம்.

ஜெருசலேம் சந்தையில் ஐம்பது வருடம் ஒலிவக்காய் விற்ற மனிதர். போலீசோ ரவுடியோ, யாருக்கும் அடங்காத வாய். கடவுள் என்று வந்துவிட்டால் மட்டும் பூனைக்குட்டி. இடி இடித்தால் வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நிற்பார். தராசு நேராக நின்ற பிறகும் இன்னொரு பிடி அள்ளிப் போடுவார். சந்தையே அவரைப் பயந்தாங்கொள்ளி ரஹமீம் என்று கூப்பிட்டது, அவரும் “என்ன?” என்று திரும்பிப் பார்ப்பார். தீர்சாவுக்கு அது எரிச்சல். பயம் குடியிருக்கும் வீட்டில் நான் இருக்கமாட்டேன் என்று பதினெட்டு வயதில் ஹைஃபாவுக்குப் போனவள், முப்பது வருடமாக ஒரு ஜெபமும் சொன்னதில்லை. இந்த மனிதர் சாகும்போதும் நடுங்கிக்கொண்டுதான் சாவாரோ என்ற கவலை, பஸ் ஏறியதிலிருந்து அவள் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

நிசிம் பழத்தை உதிர்த்துக் கொண்டுவந்தான். அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். “எங்களை உயிரோடு வைத்து, தாங்கி, இந்த வேளைவரை கொண்டுவந்து சேர்த்தவரே” என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்து, ஒரு முத்தை வாயில் போட்டுக்கொண்டார். அது இறங்கவில்லை. இருமி, மூச்சுத் திணறி, கடைசியில் நிசிம் விரலை விட்டு எடுத்தான்.

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. “பேரை வீணாச் சொல்லிட்டேனே... யாராவது தின்னுங்கடா.”

கடவுள் பெயரைச் சொல்லித் துதித்துவிட்டால் ஒரு வாயாவது தின்றாக வேண்டும். கேட்டவர் தின்றாலும் போதும்.

நிசிம் தலையில் அடித்துக்கொண்டான். “நான் போன வாரமே தின்னுட்டேன்பா! சந்தையில உதிர்த்து வச்சிருந்தாங்க, கை சும்மா இருக்கல. எனக்கு இது புதுப் பழமே இல்ல. அக்கா, நீ?”

அவள் வாயைத் திறந்தாள்.

“பேசாதே! துதிக்கும் தின்னறதுக்கும் நடுவுல பேசினா கெட்டுப்போகும். தலைய மட்டும் ஆட்டு” என்றான் நிசிம்.

இல்லை என்று ஆட்டினாள்.

“அப்ப ஆமென் சொல்லிட்டுத் தின்னு தாயே!”

முப்பது வருட வீம்பு அவள் நாக்கில் கல்லாக உட்கார்ந்திருந்தது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமென்” என்றாள். ஒரு கை அள்ளித் தின்றாள். அவள் தொண்டையில் அது இறங்கும்வரை அப்பா கண்ணை எடுக்கவில்லை.

“இனிக்குதா?”

“புளிப்புப்பா. உங்க ஊறுகாய் தேவலாம்.”

அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். நிசிமும் சிரித்தான். தீர்சாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்தச் சிரிப்போடேயே கேட்டுவிட்டாள்.

“பயமா இருக்காப்பா?”

“இல்லாம? உங்கம்மாவைக் கட்டிக்கப் பந்தலுக்குள்ள நுழைஞ்சப்பவும் காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு. அதுக்காகத் திரும்பியா ஓடினேன்?”

மத்தியானத்துக்குள் போய்விட்டார். அந்த ஊரில் பிணத்தை ஓர் இரவு வைத்திருக்கமாட்டார்கள். ஐந்து மணிக்கு அடக்கம் முடிந்தது. துக்கத்துக்குக் கிழித்த சட்டையோடு அக்காளும் தம்பியும் தரையில் உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, பண்டிகை தொடங்குவதைச் சொல்லும் சைரன் ஊதியது.

“எந்திரிங்க, எந்திரிங்க! பண்டிகை வந்தா துக்கம் இல்ல” என்று பக்கத்து வீட்டார் கையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

“ஏழு நாள் துக்கத்தைக் கால் மணி நேரத்துல முடிச்சு வச்சுட்டாரு கிழவர்” என்று நிசிம் அழுதுகொண்டே சிரித்தான்.

தீர்சா முகம் கழுவி வெள்ளை உடுத்தி வந்தாள். நிசிமின் மனைவி யாஃபா இரண்டு மெழுகுவர்த்திகளை வைத்துவிட்டு, நீயே ஏற்று என்பதுபோல் தீப்பெட்டியை நீட்டினாள். தீர்சா குச்சியை உரசினாள். “துதிக்கு உரியவர் நீர்” என்று ஆரம்பித்தாள். அடுத்த சொல் கடவுளின் பெயர். அங்கே நின்றுவிட்டாள்.

யாஃபா மெல்ல அருகில் வந்தாள். “மறந்துடுச்சாக்கா? நான் சொல்லித் தரட்டுமா?”

“மறக்கல, பயமா இருக்கு. கொஞ்சம் இரு.”

குச்சி விரலை நோக்கி எரிந்துகொண்டு வந்தது.