யாருக்கும் பாதிப்பில்லை

வேன்காரர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். இருமல் மருந்தைக்கூட வண்டியை நிறுத்திய பிறகுதான் குடிப்பார். அப்படிப்பட்ட மனிதரைக் காலையில் பாலத்தடியில் மடக்கி, கருவியில் ஊதச் சொல்லி, "குடிச்சிருக்க" என்று லைசன்ஸைப் பிடுங்கிக்கொண்டார் ஒரு போலீஸ்காரர். வண்டிக்குள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே வேலை போயிற்று.

நடந்தது இதுதான். ஆளுக்கொரு புதுக் குழாய் மாட்டி ஊதச் சொல்ல வேண்டும். அந்த மகராசன் ஒரே குழாயை ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து எல்லார் வாயிலும் வைத்துக்கொண்டிருந்தார். ஈரம் காயுமுன் வேன்காரர் முறை வந்தது; குழாயில் இருந்த ஸ்பிரிட்டை அவர் குடித்த சாராயம் என்று கருவி காட்டிவிட்டது. இன்னொரு தடவை ஊதுகிறேன், ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று மன்றாடினார். யார் காதில் ஏறும்?

பிறகு நாடே சிரிக்கும்படி ஒரு சங்கதி வெளிவந்தது. தினமும் இத்தனை சோதனை என்ற கணக்கைக் காட்டுவதற்காகப் போலீஸ்காரர்கள் ஓட்டுநர்களை நிறுத்தாமல் தாங்களே ஊதித் தள்ளியிருக்கிறார்கள். அரசாங்கம் கண்காணிப்புக் குழு போட்டது. குழுவின் விசாரணை அதிகாரியம்மா வேன்காரரையும் கூப்பிட்டு, குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்றத நான் நம்புறேன்" என்றார் கடைசியில்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வேன்காரரும் மனைவியும் மாதக்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

முடிவைக் குழுத் தலைவர் தொலைக்காட்சியில் வாசித்தார். போலீஸ்காரர்கள் தாங்களே ஊதியது எல்லாம் பூஜ்யம்தான் காட்டியிருக்கிறது. ஆகவே பொதுமக்களில் யாருக்கும் பாதிப்பில்லை. குடித்ததாகக் காட்டியவை மட்டும் ஆளை நிறுத்திச் செய்த அசல் சோதனைகள். அவற்றைச் சந்தேகிக்கக் காரணமில்லை. என்ன அழகான கணக்கு! ஊரை ஏமாற்றியவர்களுக்கு ஒரு கண்டிப்பு. ஏமாந்தவனுக்கு அசல் குடிகாரன் என்று அரசாங்க முத்திரை.

வேன்காரர் அலுவலகத்துக்கு ஓடினார். அதிகாரியம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"குழாய் விஷயத்த எழுதினேங்க. மேல இருக்கறவங்க அத நீக்கிட்டாங்க. போலிக் கணக்கு எவ்வளவுன்னு பாக்குறது மட்டும்தான் நம்ம வேலையாம்."

"அப்ப என் விஷயத்த யார் மேடம் பாப்பாங்க?"

"அதுக்குன்னு யாரும் இல்லீங்க. பேசாம ஒத்துக்கிட்டு, குடிய நிறுத்துற வகுப்புக்குப் போயிடுங்க. லைசன்ஸ் சீக்கிரம் கிடைக்கும்."

"ஆரம்பிச்சாத்தானே மேடம் நிறுத்த முடியும்?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தம்மாவுக்கும்தான்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளும் செய்தியைக் கேட்டிருந்தாள். இத்தனை மாதமும் அக்கம்பக்கத்தில், அண்ணன் வீட்டில், எல்லாரிடமும் புருஷனுக்காக மல்லுக்கு நின்றவள்.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க" என்றாள். "அன்னைக்குக் கொஞ்சமாவது குடிச்சிருந்தீங்களா? இருந்தாச் சொல்லிடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. களைத்துப்போயிருந்தாள், அவ்வளவுதான். இல்லை என்று சொன்னால் நாளைக்கும் அவள் யாரோடாவது சண்டை போட்டாக வேண்டும்.

"ஆமா" என்றார் அவர்.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது.