முகூர்த்தம் பார்த்து மலையோட்டம்

கள்ளக்குறிச்சியில் குடியிருந்துகொண்டு ஆறு வருடமாக அடுத்த ஊர் மலைகளில் ஓடிவிட்டு வந்தவள் பாரதி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், வயது நாற்பத்தாறு. முட்டி மக்கர் பண்ணுவதற்குள் கல்வராயன் மலையில் ஒரே ஒரு ஐம்பது கிலோமீட்டர் ஓடிவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஆனால் வனத்துறையினர் காட்டுக்குள் தனியாக விடமாட்டார்கள். சங்கம் கடிதம் கொடுத்தால்தான் அனுமதி. சங்கம் என்றால் கண்ணுசாமி.

கண்ணுசாமிக்கு டிராக்டர் உதிரிபாகக் கடை. தியாகதுருகம் பஸ் கிளம்பிவிட்டாலும் கையை உயர்த்திவிட்டு அதே நடையில்தான் போவார். பஸ்தான் நிற்க வேண்டும். கடை வாசலில் 'நிறுவனத் தலைவர், கல்வராயன் மலையோட்டப் பேரியக்கம்' என்று பலகை. அதில் அவர் படத்துக்குப் பின்னால் பனி மூடிய மலை ஒன்று. விசாரித்ததில் அது சுவிட்சர்லாந்து.

தை மாதம் ஆண்டுத் திட்டக் கூட்டம். வெயில், மழை, சாமை அறுப்பு, பரீட்சை எல்லாம் பார்த்து பாரதி மாதம் ஒரு ஓட்டமாக அட்டவணை போட்டு வந்திருந்தாள். கண்ணுசாமி அதை மடிப்புப் பிரிக்காமல் ஓரமாக வைத்து, மேலே டீ டம்ளரை வைத்துவிட்டு, பஞ்சாங்கத்தைப் பிரித்தார். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றையும் அடித்தார். மிச்ச மாதங்களுக்கு வளர்பிறை முகூர்த்தமாகப் பொறுக்கினார். ஓட்டம் ஆறு மணிக்கு அல்ல, நல்ல நேரம் ஏழே முக்காலுக்கு. சித்திரையில் அதற்குள் பாறை சுட ஆரம்பித்துவிடும் என்று பாரதி சொல்லிப் பார்த்தாள். பாறையைப் பற்றிப் பஞ்சாங்கத்தில் ஒன்றும் போடவில்லை.

மாசி ஓட்டத்தன்று சங்கச் செயலாளரின் மச்சினிக்குக் கல்யாணம். தலைவருக்கு மூன்று மண்டபங்களில் வாழ்த்துரை. ஓட வேண்டியவர்கள் பந்தியில் இருந்தார்கள். ஒத்திவைப்பு. வைகாசியில் இன்னும் மோசம். கூட்டிப்போக ஒரு வேன்கூடக் கிடைக்கவில்லை. ஊரே கல்யாணத்துக்குப் பார்த்து வைத்த நாளைத்தான் தாங்களும் பார்த்து வைத்திருக்கிறோம் என்பது ஐப்பசி வரைக்கும் பேரியக்கத்துக்கு உறைக்கவில்லை. பாரதிதான் ஒவ்வொரு தடவையும் வனத்துறை அலுவலகத்தில் போய் அசடு வழிந்து தேதி மாற்றி வந்தாள். கடைசியாக ஒரு ஞாயிறு கிடைத்தது, மார்கழியில். அதை விட்டால் இனி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கடிதத்தோடு கடைக்குப் போனாள்.

"மார்கழில போயி யாராச்சும் நல்ல காரியம் தொடங்குவாங்களா டீச்சர்?"

"தொடங்கலைங்க. இது போட்டியே இல்ல, சும்மா பயிற்சி."

"மேடை?"

"இல்லைங்க."

"மாலை, பொன்னாடை?"

"பயிற்சிக்கு இன்னாத்துக்குங்க மாலை?"

அத்தோடு அவருக்கு விஷயத்தில் ருசி போய்விட்டது. படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

அந்த ஞாயிறு ஆறு மணிக்கு, பனி இறங்கிக்கொண்டிருக்கையில், மலைமேல் கரியாலூரிலிருந்து முப்பத்தேழு பேர் ஓடினார்கள். வரவேற்புரை இல்லாததால் சொன்ன நேரத்துக்கே கிளம்ப முடிந்தது. சாமை அறுத்த தன் கொல்லை வழியாக ஓடிக்கொள்ளச் சொல்லியிருந்தார் அந்த ஊர் விவசாயி செல்லமுத்து, அங்கேதான் முடிவிடம். யாரோ வாட்ஸப்பில் படம் போட்டுத் தொலைத்தார்கள். பத்தரை மணிக்குக் கண்ணுசாமியின் கார் மலையேறி வந்தது. உள்ளே போட்டோக்காரர், பச்சைக் கொடி. ஓட்டம் தொடங்கி நாலரை மணி நேரம் ஆகிவிட்டதை அவர் ஒப்புக்கொள்வதாக இல்லை.

பாரதி கொல்லைக்குள் இறங்கியபோது மணி இரண்டு தாண்டியிருந்தது. முட்டி தீயாய் எரிந்தது. கைக்கடிகாரம் நாற்பத்தொன்பதரை காட்டியது. ஒற்றையடிப் பாதையின் நடுவில் கொடியோடு கண்ணுசாமி.

"டீச்சர், போட்டோக்காரரு டீ குடிச்சிக்கினு இருந்துட்டாரு. ஒரு நூறடி பின்னால போயி நில்லுங்க. கொடிய ஆட்டுறேன், அப்பால ஓடியாங்க."

"தள்ளுங்க தலைவரே. இன்னும் அரை கிலோமீட்டர் கீது எனக்கு."

அவர் நகரவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு போட்டோக்காரரைத் தேடினார். பாரதி பாதையை விட்டு அறுத்த சாமைத் தாளில் இறங்கி, அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். தாள் கணுக்காலைக் கிழித்தது. செல்லமுத்துவின் ஆட்டுப்பட்டி ஓரம் கடிகாரம் ஐம்பது காட்டியதும் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு ஆடு வந்து அவள் நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் சீட்டை மோந்து பார்த்தது.

பின்னால், அடுத்து ஓடி வந்தவரை நூறடி திரும்பிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தது கண்ணுசாமியின் குரல்.