வெயில் ஈட்டிக்கு இருபது நிமிஷம்

மார்கரெட்டுக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். புத்தி பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். அன்றைக்கும் அதேதான் நடந்தது. மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றின் ரிசப்ஷனில், காலை பதினோரு மணிக்கு, வந்தவருக்கு ரூம் சாவியை ஒரு கையால் நீட்டிக்கொண்டே இன்னொரு கையால் போனில் ‘சம்மதம்’ என்று அழுத்திவிட்டாள். அழுத்தின பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

எதற்குச் சம்மதம்? ‘மிருகா’ என்று ஒரு போன் விளையாட்டு, இப்போது நாலாவது பாகம் ஓடுகிறது. மிருகங்களை வளர்க்கவேண்டும், மோதவிடவேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அவள் புருஷன் ஜெபசிங் ஒன்பது வருஷமாக அதில் ஒரு செடி மிருகத்தை வளர்த்து வைத்திருந்தான். நாலு கால், முதுகு நிறைய இலை. பெயர் பொன்னாங்கண்ணி. கூப்பிடுவது பொன்னா.

கல்யாணமான இருபத்துமூன்றாம் நாள் சரக்குக் கப்பல் வேலைக்குக் கிளம்பினான் மனுஷன். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி ஆள். போகும்போது பெண்டாட்டியிடம் சொன்னது இரண்டே விஷயம். பொன்னாவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்று. வாசலில் நிற்கிற ஸ்கூட்டரை எடுக்காதே, பிரேக் சரியில்லை, வந்து பார்த்துக்கொள்கிறேன். ‘உன்னை நினைச்சுக்கினு இருப்பேன்’ என்று ஒரு வார்த்தை? ஊஹூம்.

ஆனால் பொன்னாவுக்கு இவள் தண்ணீர் ஊற்றினால் அது விளையாட்டின் குறிப்பில் ஏறும். கப்பலில் நெட் கிடைக்கிற நாளில் அவன் அதைப் பார்த்துப் பக்கத்தில் ஒரு பச்சை இலையை வைப்பான். அந்த இலையைப் பார்த்தால்தான் மார்கரெட்டுக்கு நாஸ்தா இறங்கும். நாலு மாசமாக அவர்கள் குடும்பம் நடத்தியது அந்த இலையில்தான். போன் பேச்செல்லாம் கிடையாது. கப்பலில் சேட்டிலைட் போன் ஒன்று இருந்தது, அதைச் சாவு, பிரசவம் மாதிரி ஆபத்துக்குத்தான் கேப்டன் தருவாராம்.

இப்போது பொன்னாவையே பந்தயத்தில் வைத்துவிட்டாள். ஊரப்பாக்கத்து ஹரிஹரன், ஜெபசிங்கிடம் மூன்று தடவை தோற்ற கடுப்பில் இருந்தவன், ஆட்டக்காரர்கள் குரூப்பில் எழுதியிருந்தான்: “ஜெபசிங்கு போனப்புறம் பொன்னா வெறும் தொட்டிச் செடி ஆயிடுச்சி. அவன் வூட்டம்மாவுக்குத் தண்ணி ஊத்த மட்டும்தான் தெரியும் போல கீது.” கீழே பதினேழு பேர் சிரித்திருந்தார்கள். கூடவே ‘வேரறு’ ஆட்டத்துக்கு அழைப்பு. வேரறு என்றால் தோற்றவரின் மிருகம் அடியோடு அழிந்துபோகும். நடுவில் நிறுத்தவும் முடியாது. ஒன்பது வருஷத்தில் ஜெபசிங் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இவள் பதினேழு சிரிப்பைப் பார்த்தாள், அழுத்தினாள்.

ஹரிஹரன் இறக்கியது ஒரு கல் ஆமை. பொன்னாவின் கொடிச் சாட்டை அதன் ஓட்டில் பட்டு வழுக்கியது. இலைக்கத்தி ஒரு கீறல்கூடப் போடவில்லை. ஆமை ஒரு மிதி மிதித்தால் பொன்னாவின் உயிர்க்கோடு கால்வாசி குறைந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஆயுதம், வெயில் ஈட்டி.

வெயில் ஈட்டி லேசுப்பட்டதல்ல. ஒரு முறை முழுக்கச் செடி சும்மா நின்று வெயிலைக் குடிக்கவேண்டும், அடுத்த முறையில்தான் வீசலாம். வீசுகிற நேரத்தில், ஆடுகிறவர் போன் எங்கே இருக்கிறதோ அந்த இடத்து வானத்தில் நிஜமாகவே வெயில் அடிக்கவேண்டும். அடித்தால் கல்லையும் பிளக்கும். மேகம் மூடியிருந்தால் பாதி பலம்தான், ஆமை சிரித்துக்கொண்டு நிற்கும்.

மார்கரெட் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. போதும் என்று அழுத்தினாள். பொன்னாவின் இலையெல்லாம் மஞ்சளாக ஒளி ஏறியது. அந்த இடைவெளியில் ஆமை மறுபடியும் மிதித்தது. பொன்னாவுக்கு நூல் அளவு உயிர்தான் பாக்கி. ‘உங்கள் முறை. இருபது நிமிடம்’ என்று எழுத்து வந்தது. மணி பதினொன்று முப்பத்திரண்டு.

அப்போதுதான் ரிசப்ஷன் இருட்டியது.

“கிழக்கால பாத்தியாடி?” என்றாள் கூட வேலை பார்க்கிற சகுந்தலா. “கடல் மேல கருப்பா ஏறிகினு வருது.”

மார்கரெட் பிறந்து வளர்ந்தது கடலுக்குத் தள்ளி உள்ளே இருக்கிற படாளம். ஜூன் மாசம் கல்யாணமாகிக் கடற்கரைக்கு வந்தவள், அதிலிருந்து பார்த்த மழையெல்லாம் சாயங்காலம் மேற்கேயிருந்து இடித்துக்கொண்டு வந்ததுதான். ஐப்பசி பிறந்தால் மழை கடல் வழியாக, காலையிலேயே, சத்தமில்லாமல் வந்து நிற்கும் என்பது அவள் கண்ணுக்கு இன்னும் பழகவில்லை. மேற்கே பார்த்து ஏமாந்தாள். வெளியே ஓடி வந்து பார்த்தாள். தலைக்கு மேல் வானம் மூடிவிட்டது. தூரத்தில், திருக்கழுக்குன்றத்து மலை மேல் மட்டும் வெயில் பளிச்சென்று கிடந்தது.

“அக்கா, கொஞ்ச நேரம் பாத்துக்கோ.”

“எங்கடி போற?”

“வெயில் இருக்கிற எடத்துக்கு.”

“இன்னாடி, பைத்தியமா உனக்கு?” என்று சகுந்தலா கேட்டு முடிப்பதற்குள் இவள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள். ரெண்டு தெரு தள்ளி வீடு. வாசலில் ஸ்கூட்டர். பேட்டரி இறங்காமல் இருக்க வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வைப்பாள், ஓட்டியதில்லை. இன்றைக்கு ஓட்டினாள். போனைக் கைப்பையில் போட்டுக் குறுக்கே மாட்டிக்கொண்டாள். கர்த்தாவே, கர்த்தாவே என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

மேகம் அவளை விட வேகமாக வந்தது. முதுகில் ரெண்டு தூறல் விழுந்தது. பூஞ்சேரி திருப்பத்தில் ஏதோ லாரி மணலைச் சிந்திவிட்டுப் போயிருந்தது. எதிரே பஸ். பிரேக்கைப் பிடித்தாள். பிடிக்காத பிரேக் திடீரென்று பிடித்துத் தொலைத்தது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். “ஏம்மா, காலெல்லாம் ரத்தம்மா, ஒக்காரு,” என்றார் கடைக்காரர். அவள் காலைப் பார்க்கவே இல்லை. “அண்ணாத்த, வண்டிய மட்டும் கெளப்பிக் குடுங்க,” என்றாள். வண்டி கிளம்பினால்தானே! உதைத்தார், உதைத்தார், அது இருமியது. ஒவ்வொரு உதைக்கும் அவள் போனை எடுத்துப் பார்த்தாள். பதினான்கு நிமிடம். பன்னிரண்டு. ஒன்பது. இங்கேயே வீசிவிடலாமா? பாதி பலத்தில் வீசினால் ஆமை சாகாது, அடுத்த மிதியில் பொன்னா போய்விடும். அதற்கு இப்போதே குழி தோண்டலாம். ஏழாவது நிமிஷத்தில் வண்டி உறுமியது.

அதற்குப் பிறகு எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ரெண்டு பக்கமும் வயல், நடுவில் ரோடு, முன்னால் மலை. வெயிலின் ஓரம் ரோட்டில் கோடு போட்ட மாதிரி கிடந்தது. கிட்டே போகப் போக அதுவும் நகர்ந்தது. ஐயோ, நில்லேன், ஒரு நிமிஷம் நில்லேன் என்று வெயிலிடம் கெஞ்சினாள். ஒரு புளியமரத்தைத் தாண்டினபோது கண் கூசியது. முகத்தில் சூடு. வெயிலுக்குள் வந்துவிட்டாள்!

வண்டியை நிறுத்தினாளா, போட்டாளா தெரியாது. போனை எடுத்தாள். பதினெட்டு விநாடி இருந்தது. பொன்னா ஒளி தளும்ப நின்றிருந்தது, மூலையில் சூரியன் படம் வந்துவிட்டது. வெயில் ஈட்டியை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். விரல் நிறைய ரத்தமும் வியர்வையும் மணலும். திரைக்கு அந்த விரல் தெரியவே இல்லை. புடவையில் துடைத்தாள், அழுத்தினாள். திரையில் செம்மண் கோடுதான் விழுந்தது. கட்டை விரலைச் சப்பித் துப்பி, ஜாக்கெட் கையில் தேய்த்து, அழுத்தினாள்.

‘நேரம் முடிந்தது.’

குடித்த வெயிலெல்லாம் பொன்னாவின் இலையிலிருந்து புகையாகக் கலைந்தது. ஹரிஹரன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. ஆமை காலைத் தூக்கியது. ஒன்பது வருஷம் தண்ணீர் குடித்து வளர்ந்தது, ஒரு மிதியில் வெறும் மண்தொட்டியாகிவிட்டது.

மார்கரெட் புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். சும்மா கண்ணைக் கசக்கவில்லை, வாய்விட்டு அழுதாள். வெயில் அப்போதுதான் நிதானமாகக் காய்ந்தது, எரிச்சலாக வந்தது. போன் தொங்கிப்போச்சு, ஆட்டமே தப்பு என்று சொன்னால் ஜெபசிங் நம்புவான். அவன் நம்புவான் என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை. எழுதினாள்: “பொன்னா போயிடுச்சிங்க. நான்தான் வேரறுக்குச் சம்மதம் குடுத்தேன். கோவத்துல பண்ணிட்டேன்.” அனுப்பினாள். ஒரு டிக் விழுந்தது, அதோடு நின்றது.

வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். சகுந்தலா முட்டியைக் கழுவித் துணி கட்டிவிட்டாள், திட்டிக்கொண்டேதான் கட்டினாள். மூன்று மணி வரைக்கும் மார்கரெட் வந்தவர்களுக்குச் சிரித்துச் சாவி கொடுத்தாள். டிக் எப்போது இரண்டானது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தபோது பதில் இல்லை. பச்சை இலையும் இல்லை. இனி வைக்கத்தான் இடமேது? தொட்டியே காலி.

மூன்றேகாலுக்குப் போன் அடித்தது. நீளமான நம்பர், பார்த்தே இராத நம்பர். எடுத்தால் இரைச்சல், இன்ஜின் சத்தம்.

“நான்தான்,” என்றான் ஜெபசிங்.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “இன்னாங்க... எனக்கு...”

“ஆட்டத்துக் குறிப்பப் பாத்தேன். நிமிஷத்துக்கு நிமிஷம் எடம் போட்டுக்கீது.” ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே கடல் அளவு நேரம் ஆனது. “பூஞ்சேரியில ஏழு நிமிஷம் நின்னுக்கீற. ஏன்?”

அந்த ஏழு நிமிஷம்தான் பொன்னாவைக் கொன்றது என்று அவனும் கண்டுபிடித்துவிட்டான். அவள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். “தப்புதாங்க. அந்த ஏழு நிமிஷம் மட்டும் இருந்திருந்தா பொன்னா...”

“அத்த உடு. ஸ்கூட்டர எடுத்தியா?”

“எடுத்தேன்.”

“வுழுந்தியா?”

அவள் குனிந்து முட்டியில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள்.

“மார்கரெட், வுழுந்தியா?”

“ஆமா.”

“எங்க அடி?”

“முட்டியில.”

“ரத்தமா?”

“கொஞ்சம்.” பிறகு அடக்கமாட்டாமல் சொன்னாள், “பொன்னா போயிடுச்சிங்க.”

“தெரியும்,” என்றான். அவன் பின்னால் யாரோ ஆங்கிலத்தில் போனைத் திருப்பிக் கேட்டது இவளுக்கே கேட்டது. அவன் கொடுக்கவில்லை. “டி.டி. ஊசி போட்டியா, இல்லியா? அத்தச் சொல்லு மொதல்ல.”