வாரண்டித் தம்பி

அந்த வருஷம் கம்பெனிக்கு லாபம் கூடிப்போனதால், மிச்சத்தை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தார் கணக்கர் சென்னியப்பன். மிச்சம் தாட்டியான ஆள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

பீளமேட்டில் மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி அது. லாபம் வருஷா வருஷம் பன்னிரண்டு சதவீதம்தான் காட்ட வேண்டும் என்பது முதலாளியின் பிடிவாதம். ஒரு வருஷம் கூட்டிக் காட்டினால் பங்குதாரர்கள் அடுத்த வருஷமும் கேட்பார்களாம். அதனால் மிச்சத்துக்கு வாரண்டி ரிப்பேர் செலவு என்று பெயர் வைத்து ஒளித்தாகிவிட்டது.

"இது யாருங்க?" என்றாள் மனைவி சாந்தாமணி.

"வாரண்டிக்கு ஒதுக்கி வெச்சது. இங்கயே இருக்கட்டும்."

"எதாச்சும் ரிப்பேர் ஆச்சுங்களா?"

"ஒண்ணும் ஆகல."

"அப்பச் சாப்புடச் சொல்லுங்க."

கூடப் பிறந்தவர் இல்லாத சாந்தாமணிக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. தம்பி என்று கூப்பிட்டாள். அவன் தேங்காய் துருவிக் கொடுத்தான். மழைக்கு முன்னால் கொடித் துணியை எடுத்து வைத்தான். இவ்வளவு நல்ல ஒதுக்கீட்டைச் சென்னியப்பன் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

பிறகு ஒரு வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. கிணறுகள் தாமாகவே வழிந்தன. பம்பு வாங்க ஆளில்லை. முதலாளி போன் செய்தார்.

"லாபம் எட்டுலயே நிக்குது சென்னியப்பா. அவனக் கூட்டிட்டு வா."

தம்பி வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டான். சாந்தாமணி தேம்பி அழுதாள். பிறகு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அரிசி டிரம்மைப் பார்த்து, "வா கண்ணு வெளிய" என்றாள்.

டிரம்முக்குப் பின்னாலிருந்து கொழுகொழுவென்று ஒரு பெண் வந்தாள். தலையெல்லாம் தவிடு.

"என்ர சிறுவாடுங்க. கண்ணாலம் ஆனதுல இருந்து சேத்தது. இவளக் கூட்டிட்டுப் போங்க. தம்பி இருக்கட்டும்."

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒளித்துவைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இத்தனை நாள் இறுமாந்திருந்தவர் அவர்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே?"

"சொன்னா அந்த வருசமே உங்களுக்குச் சந்தோசம் தாங்காது. அடுத்த வருசத்துக்கு என்னங்க பண்றது?"

முதலாளிக்கே இதைவிடத் தெளிவாகச் சொல்ல வராது. சென்னியப்பன் சிறுவாட்டை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனார்.

ஆடிட்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்த வருஷத்து லாபம்மா?"

"இந்த வருசமுங்க" என்றாள் அவள், கண்ணிமைக்காமல். சாந்தாமணியின் வளர்ப்பு. லாபம் பன்னிரண்டில் வந்து நின்றது.

மத்தியானம் சென்னியப்பன் சாப்பிட வந்தார். தம்பி தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். வீட்டில் இருந்தது மூன்று பேர். சாந்தாமணி நான்கு தட்டு வைத்திருந்தாள்.

அவர் அரிசி டிரம் பக்கம் திரும்பவே இல்லை. மனைவி மேல் பாசம் பொங்கியது.

"அந்தத் தட்டுல இன்னுங் கொஞ்சம் சோறு வையி" என்றார்.